கண்டது காணாதோ? வன்னியில் மேசைப் போர் விளையாட்டைத் தொடங்குபவர்களுக்கு

முதன்முதலில் சாப்பாட்டு மேசையில் சிவப்புச் சட்டைப் பொம்மைகளை வரிசை கட்டி நிறுத்தியபோது அம்மா குசினியில் இருந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, கண்டது காணாதோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு, பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திச் சண்டை பிடிக்கும் இந்த விளையாட்டைத் தொடங்குகிற எவரிடமும் யாராவது ஒருநாள் இதைக் கேட்கத்தான் போகிறார்கள். அதனால் தூரிகை, பசை, அளவு என்று போகமுன் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எந்தப் போரை விளையாடுவது? வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும்: உங்களுக்குப் பிடித்த காலத்தைத் தெரிவு செய்யுங்கள். எங்கள் பக்கம் அது ஒரு வரியில் முடிகிற விசயம் இல்லை. நான் வைத்திருக்கும் விதி: உயிரோடு இருக்கும் எவருக்காவது நினைவில் இருக்கிற போர் என் மேசைக்கு வராது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கடைகளில் பச்சைப் பிளாஸ்டிக் ஆமிக்காரர் பை பையாகத் தொங்குவார்கள். மலிவுதான். ஆனாலும் நான் வாங்குவதில்லை. வீட்டுக்கு வருகிறவர் எதைப் பார்த்து எதை நினைப்பார் என்று எனக்குத் தெரியாது, அதைப் பரீட்சித்துப் பார்க்கிற ஆசையும் இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்திய உடுப்பென்றால் அந்தச் சிக்கல் குறைவு. உயர்ந்த தொப்பியும் குறுக்குப் பட்டியுமாக நிற்கும் அந்தக் காலப் பிரித்தானியச் சிவப்புச் சட்டைக்காரனைப் பார்த்தால் கோவலன் கூத்தில் கொலுவுக்கு வந்தவன் மாதிரித்தான் இருக்கும். ரோமர், சோழர், நெப்போலியன் காலம் என்று எவ்வளவோ கிடக்கிறது.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

சதுரங்கம் தெரிந்தவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். அங்கே கட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. வெறும் மேசை, அதில் காடு, வயல், பாதை. காயை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதை அடிமட்டத்தால் அளக்கிறோம். வெட்டினால் காய் விழுமா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி ஒரு பக்கம், பதினைந்து ஆடு மறுபக்கம். பலம் வேறு, வெல்லும் வழியும் வேறு. மேசைப் போரிலும் பெரும்பாலும் அப்படித்தான். பிரஷ்யாவில் 1824இல் இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காக இப்படி ஒரு விளையாட்டைப் பாவிக்கத் தொடங்கினார்கள். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல், ஈயப் பொம்மைகளை வீட்டுத் தரையில் நிறுத்தி, விசைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் விதிகளை எழுதி வெளியிட்டார். மூன்று நாலு தரம் விளையாடிப் பார்த்தாலே உண்மையான பெரும்போர் எவ்வளவு மடைத்தனம் என்று விளங்கும் என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் முதலாம் உலகப் போர் வந்தது.

இன்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது வார்ஹாமர். 1983இல் வந்தது. அதன் விண்வெளி வடிவம் 1987இல் வந்தது. வடிவான பொம்மைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி ஒன்றின் விலையை வீட்டில் உரக்கச் சொல்ல ஏலாது. தொடங்கும்போது அந்தப் பக்கம் போகவேண்டாம். என் கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் காசைக் கொட்டிப் பெட்டி எடுப்பித்து, ஒட்டி, பாதி நிறம் தீட்டி, ஒருநாள்கூட விளையாடாமல் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்கள். என் ஒழுங்கு நேர்மாறு: முதலில் மட்டையில் விளையாடுங்கள். பிடித்தால் பிளாஸ்டிக் வாங்குங்கள். நிறம் தீட்டுவது அதற்குப் பிறகு.

மட்டைப் படை

தேவையானவை: புத்தகக் கடையில் ஒரு பிறிஸ்டல் போட், பழைய கலண்டர் மட்டை இரண்டு மூன்று, தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசை, கத்தரிக்கோல், அடிமட்டம், லூடோப் பெட்டிக்குள் வருகிற ஆறுபக்கக் கட்டைகள். ஒரு லூடோவுக்குள் ஒன்றிரண்டு கட்டைதான் இருக்கும். அயலில் இரவல் வாங்கி ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீரனுக்கு 2 செ.மீ. அகலமும் 8 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு துண்டு வேண்டும். நடுவில் மடிக்க வேண்டும். மடிப்புக்கு ஒரு பக்கம் 3 செ.மீ. உயரத்தில் முன்புறம், மறுபக்கம் அதே உயரத்தில் பின்புறம், இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் பாதம். பாதங்களை வெளிப்பக்கமாக மடித்து ஒட்டினால் ஆள் நிற்பான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 29.7 செ.மீ. ஆகவே ஒரு தாளில் பத்துக்கு மூன்று, முப்பது பேர் அடங்குவார்கள். கீறத் தெரியாது என்று பின்வாங்காதீர்கள். ஒருவனைக் கீறினால் காணும். போட்டோக்கொப்பி எடுக்கும் கடையில் அதை முப்பது தரம் அடுக்கிப் பிரதி எடுத்துத் தருவார்கள். கடைக்காரத் தம்பி ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

கலண்டர் மட்டையை 8 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவில் வெட்டுங்கள். இதைத் தட்டு என்போம். ஒரு தட்டில் நாலு பேரை வரிசையாக ஒட்டினால் அது ஓர் அணி. கீழே சொல்லப்போகிற விளையாட்டுக்குச் சிவப்புச் சட்டை ஆறு அணி, வன்னிப் படை எட்டு அணி, மொத்தம் 56 பேர். இரண்டு பின்னேரத்து வேலை.

ஒரு விசயத்தை எவரும் எழுதி வைக்கவில்லை, நான் பட்டுத்தான் அறிந்தேன். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் இருக்க ஏலாது. விசிறியைப் போட்டால் மட்டைப் படை முழுவதும் பறந்துபோய்க் கதிரைக்குக் கீழே கிடக்கும். முதல் விளையாட்டு அப்படித்தான் முடிந்தது. வெற்றி தோல்வி இல்லை. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஆணிக் கடையில் வாங்கிய இரும்பு வாசர் இரண்டை ஒட்டிவிடுங்கள். ஒரு ரூபாய்க் குற்றியும் சரிதான், ஆனால் கடைக்குப் போகும் அவசரத்தில் யாராவது உரித்து எடுத்துவிடுவார்கள்.

முதல் விளையாட்டு: காட்டுப் பாதை

1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியர் வசமிருந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே வருடம் ஒக்ரோபர் 31ஆம் திகதி பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அதைச் சொல்லும் கல்லும் அங்கே நடப்பட்டது. இவை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்கிற கதை. நான் தரப்போவது அந்தச் சண்டையின் மறுபதிப்பு என்று எண்ணவேண்டாம். அந்தக் காலத்துச் சிவப்புச் சட்டைப் படை ஒன்று எங்கள் காட்டுப் பாதையால் போகவேண்டி வந்தால் என்ன நடக்கும் என்று நானே கட்டிய விளையாட்டு இது.

மேசையில் 90 செ.மீ. சதுரம் வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே ஒரு பாதை. பாதையை நடுவில் வைத்து 50 செ.மீ. அகலத்துக்குத் திறந்த வெளி, அதற்கு இரண்டு பக்கமும் காடு. இரண்டு இடத்தில் மட்டும் காடு நெருங்கி, வெளி 30 செ.மீ. ஆகட்டும். காட்டுக்குப் பச்சைத் துணி விரித்தாலே முதல் நாளைக்குப் போதும்.

சிவப்புச் சட்டை ஒரு சுற்றில் 15 செ.மீ. நகரலாம், அல்லது நின்று சுடலாம். இரண்டும் சேர்த்து இல்லை. காட்டுக்குள் பாதித் தூரம்தான். வன்னிப் படை எங்கேயும் 20 செ.மீ. போகும், சுடாது, கைகலப்புத்தான். விளையாட்டு விளங்கியபிறகு இரண்டு அணிக்குத் துவக்குக் கொடுங்கள்.

சுடும் தூரம் 30 செ.மீ. அணியில் எத்தனை பேர் மிச்சமோ அத்தனை கட்டை உருட்டுங்கள். 15 செ.மீ.க்குள் என்றால் 4, 5, 6 விழுந்தால் அடி. அதற்கு அப்பால் 5, 6 மட்டும். எதிரி காட்டுக்குள் நின்றால் 6 மட்டும். ஒவ்வொரு அடிக்கும் தட்டுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். நாலு கொட்டை சேர்ந்தால் அணியை எடுத்துவிட வேண்டியதுதான்.

கைகலப்பில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருட்டும். வன்னிப் படைக்கு 4, 5, 6. சிவப்புச் சட்டைக்கு 5, 6. ஆனால் பக்கத்தில் இன்னொரு சிவப்பு அணி தட்டோடு தட்டு தொட்டுக்கொண்டு நின்றால் ஒரு கட்டை கூட. அதிக அடி வாங்கியவர் ஒரு நகர்வு தூரம் பின்வாங்குவார். சமன் என்றால் நின்று அடுத்த சுற்றிலும் அடிபடுவார்கள்.

ஒளிவு: வன்னிப் படையைத் தொடக்கத்தில் மேசையில் வைப்பதில்லை. எட்டு அணிக்கு எட்டு மடித்த கடதாசித் துண்டு, கூடவே மூன்று வெறுந்துண்டு. பதினொன்றையும் காட்டுக்குள் பரப்பிவிடுங்கள். எது படை எது வெறுமை என்று வைத்தவருக்கு மட்டுந்தான் தெரியும். தாக்க வெளிக்கிடும்போதோ எதிரி 10 செ.மீ.க்குள் வரும்போதோ விரித்துக் காட்டவேண்டும். மூடிய துண்டையும் சுடலாம், 6 விழுந்தால் அடி.

மழை: ஒவ்வொரு சுற்றும் தொடங்கமுன் ஒரு கட்டை. 6 விழுந்தால் மழை, அந்தச் சுற்றில் எவரும் சுட முடியாது. ஒக்ரோபர் கடைசி என்றால் எங்களுக்கு மாரி பிறக்கிற நேரம். நனைந்த வெடிமருந்து பற்றாது.

சுற்று ஒழுங்கு: மழைக் கட்டை, சிவப்பு நகர்தல், சிவப்பு சுடுதல், வன்னிப் படை நகர்தல், கைகலப்பு. பன்னிரண்டு சுற்று. அதற்குள் மூன்று சிவப்பு அணி வடக்கு விளிம்பால் வெளியேறினால் அவர்களுக்கு வெற்றி. இல்லாவிட்டால் வன்னிப் படைக்கு.

இப்போது இந்த இலக்கங்களைக் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள், விளையாட்டின் சுவையே அதில்தான். 90ஐ 15ஆல் பிரித்தால் ஆறு. ஆக, சிவப்புப் படை பன்னிரண்டு சுற்றில் ஆறு தரம் நடந்தே ஆகவேண்டும், நின்று சுட மிச்சம் ஆறு தரம்தான். வன்னி அணி ஒன்று வெளியில் 30 செ.மீ. தூரத்தில் அகப்பட்டால்? முதல் வெடிக்கு நாலு கட்டை, சராசரியாக ஒன்றுக்குக் கொஞ்சம் கூட அடி. ஓடிக் கிட்ட வந்தால் அடுத்த வெடிக்கு இரண்டு. நாலு பேரில் மூன்று பேர் போய், ஒருவன் மட்டும் வந்து முட்டுவான். அதே அணி காடு நெருங்குகிற இடத்தில் பதுங்கியிருந்து பாய்ந்தால் ஒரு வெடிகூட வாங்காமல் நாலு கட்டையோடு விழும். காடு ஏன் காடாக இருந்தது என்பது இந்தக் கட்டைகளை உருட்டும்போது விளங்கும். அந்தக் காலத் துவக்கின் குழாய்க்குள் குண்டைச் சுழற்றிவிடும் மரைவெட்டு இல்லை. நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைத்து விழுத்துவது அதிர்ஷ்டம். நன்றாகப் பழகியவன் ஒரு நிமிடத்தில் மூன்று தரம் சுடுவான். மேசையில் 30 செ.மீ. என்று நான் வைத்தது இதை நினைத்துத்தான்.

அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. முதல் நாளே வன்னிப் படையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாவது நெருக்கத்தில், பாதை ஓரமாக, ஒரு துண்டை வைத்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் மூன்று சுற்று நின்று அதையே சுட்டேன். ஆறு விழுகிறது, அவள் முகத்தைச் சுளிக்கிறாள், நான் இன்னும் சுடுகிறேன். மூன்றாம் சுற்று முடியத் துண்டைத் திருப்பிக் காட்டி, "அது வெறும் கடதாசி, மாமா" என்றாள். அன்றைக்கு என் படையில் இரண்டு அணிதான் வடக்கே போய்ச் சேர்ந்தது, அதுவும் பதின்மூன்றாம் சுற்று என்று ஒன்று இருந்திருந்தால்.

எங்கள் வீட்டில் வன்னிப் படைதான் கூட வெல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் எட்டை ஏழாக்குங்கள், அல்லது வெறுந்துண்டைக் குறையுங்கள். விதி என்பது கல்வெட்டு இல்லை. ஆனால் விளையாட்டு நடக்கும்போது மாற்றாதீர்கள். முடிந்தபிறகு தேத்தண்ணியோடு இருந்து கதைத்து மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் ஆட்கள்

ஐந்தாறு தரம் விளையாடி, இன்னும் ஆசை போகவில்லை என்றால் மட்டும் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

அளவுகள் குழப்பும். 28 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர், 1/72 என்று எழுதியிருக்கும். 28 என்பது பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரையான உயரம். 1/72 என்றால் உண்மை ஆளை எழுபத்திரண்டால் வகுத்தது, 175 செ.மீ. ஆள் கிட்டத்தட்ட 24 மில்லிமீற்றர் ஆவான். எங்களுக்கு 1/72 தான் தோது. ஒரு சிறு பெட்டிக்குள் நாற்பதுக்கு மேல் ஆட்கள் வருவார்கள், பாரமே இல்லை. ஏர்ஃபிக்ஸ், இத்தாலெரி, ஸ்வெஸ்டா, ஹாட் என்ற பெயர்களைத் தேடுங்கள். வன்னியில் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சித்தப்பா வரும்போது "என்னடா கொண்டுவர?" என்று கேட்பார். சொக்லேற்றுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள். பெட்டியின் படத்தையும் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு விளையாட்டுக் கார்தான் வந்து சேரும்.

ஆட்களைச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்காதீர்கள், கூர்க் கத்தியால் வெட்டுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் இருந்து வந்த எண்ணெய் மேலே இருக்கும், அதன்மேல் நிறம் நிற்காது. இந்த வகைப் பிளாஸ்டிக் மெதுவானது, துவக்கு நுனி வளையும், வளைகிற இடத்தில் நிறம் செதில் செதிலாக உதிரும். அதற்குத் தச்சர் பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி ஒருநாள் விடுங்கள். பசை ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். ஆளைச் சோடா மூடியில் ஒரு சொட்டுப் பசையால் நிறுத்திக்கொண்டால் கைபடாமல் தீட்டலாம்.

நிறத்துக்கு அக்கிரிலிக்தான். நான் முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போஸ்டர் கலரால் தீட்டினேன். வடிவாகத்தான் வந்தது. பங்குனி வெயிலில் விளையாட, வேர்த்த விரலில் சிவப்பு ஒட்டி, படை வெளிறி, என் மூக்குச் சிவந்து போனதுதான் மிச்சம். போஸ்டர் கலர் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். அக்கிரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான்.

அது கெதியாகக் காய்வதும் ஒரு தொல்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தட்டில் பிழிந்த நிறம் தூரிகை கழுவி முடியமுன் தோலாகிவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுங்கள். அடியில் நனைத்த ஸ்பொஞ்சுத் துணி, அதற்குமேல் கேக் சுடும்போது விரிக்கிற கடதாசி. நிறத்தை அதன்மேல் வைத்தால் ஈரம் கீழிருந்து ஊறும். மூடிவைத்தால் மறுநாளும் இருக்கும்.

முதலில் பெரிய இடங்களை நிரப்புங்கள்: சட்டை, காற்சட்டை, தோல், துவக்கு. நிறத்தைத் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு தரம் மெல்லிசாகப் பூசுங்கள். ஒரே தரம் தடிப்பாக அப்பினால் முகத்தில் மூக்கு இருக்காது. கண் தீட்ட முனையாதீர்கள். அரை முழ தூரத்தில் கண் தெரியாது, தீட்டினால் எல்லோரும் பேயறைந்தவர் போல முழிப்பார்கள். எல்லாம் காய்ந்தபிறகு கடும் மண்ணிறத்தைத் தேத்தண்ணிச் சாயம் மாதிரி நீர்க்கக் கலந்து ஆள் முழுவதும் பூசுங்கள். மடிப்புகளுக்குள் அது தேங்கிக் காயும்போது நிழல் தானாக விழும். ஒரு தரம் செய்து பார்த்தால், அதுவரை தீட்டியவன் நீங்கள்தானா என்று சந்தேகம் வரும். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

1803 கண்டிப் போர்க் காலத்தில் இலங்கையில் இருந்த பிரித்தானியப் படைகளில் 19ஆம் காலாட்படையும் ஒன்று. சிவப்புச் சட்டை, கழுத்துப் பட்டியும் கைமடிப்பும் பச்சை. அந்தப் பச்சையை வைத்தே அதற்குப் பட்டப்பெயரும் வந்தது. வன்னிப் படைக்குச் சீருடை என்று ஒன்றை நான் தீட்டுவதில்லை. மடித்துக் கட்டிய வேட்டி, காவியும் பழுப்பும் வெள்ளையும் கலந்து. நெப்போலியன் காலப் பெட்டிகளில் எங்கள் ஆட்களைத் தேடாதீர்கள். பழங்காலத்து ஈட்டிக்காரர் பெட்டி ஒன்றை எடுத்துக் கவசம் இல்லாதவர்களைப் பொறுக்கினால் சமாளிக்கலாம். தோல் நிறம் என்று எழுதி விற்கிற குப்பியைத் திறந்தால் உள்ளே இருப்பது ரோஸ். அதை வெள்ளைக்காரனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கடும் மண்ணிறத்தில் கொஞ்சம் செம்மண்ணிறமும் ஒரு துளி மஞ்சளும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றுங்கள், ஒரு வீட்டுக்குள்ளேயே எத்தனை நிறம் இருக்கிறது.

காடும் குளமும்

மேசையில் நிலம் செய்வதில் வன்னிக்காரருக்கு ஒரு வாய்ப்பு: வெளிநாட்டில் பொதியாக விலைக்கு விற்பதெல்லாம் எங்கள் வளவுக்குள் கிடக்கிறது. கிறவல் மண்ணை அரிதட்டில் அரித்து, பசை பூசிய தட்டில் தூவினால் தரை. கடற்கரை மணல் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள், உப்பு இருந்தால் மாரியில் ஈரம் இழுக்கும். மர ஆலையில் மரத்தூள் கேட்டு வாங்கி, பச்சை நிறத்தில் ஊறவைத்துக் காயவிட்டால் புல். கொங்கிறீற் வேலைக்குப் பாவிக்கிற கட்டுக்கம்பியை முறுக்கி, தும்பு சுற்றி, பசை தொட்டு அந்தத் தூளில் புரட்டினால் மரம்.

காட்டை ஒற்றை ஒற்றை மரமாக மேசையில் ஒட்டாதீர்கள். மட்டையில் ஒழுங்கில்லாத வடிவம் ஒன்றை வெட்டி அதைக் காட்டின் எல்லை என்று வைத்து, மரங்களை அதன்மேல் எடுக்கக்கூடியதாக நிறுத்துங்கள். அணி உள்ளே வரும்போது மரத்தை விலக்கலாம். அடர்காட்டுக்குள் பனையை நட்டால் வயசானவர்கள் சிரிப்பார்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு அது. பனையை ஊர்மனைப் பக்கம் வையுங்கள். ஒரு குளக்கட்டுச் செய்தால் விளையாட்டே மாறும். கட்டுக்குப் பின்னால் நிற்பவரைச் சுட 6 வேண்டும் என்று வையுங்கள். எல்லோரும் கட்டுக்குத்தான் ஓடுவார்கள்.

மேடு செய்ய, மின்சாதனப் பெட்டிகளுக்குள் வருகிற ரெஜிபோம் நல்லது. ஆனால் ஸ்பிரே அடிக்காதீர்கள். நான் மூன்று அடுக்கு ஒட்டி, சீவி, ஒரு சனிக்கிழமை முழுவதும் மினக்கெட்டு ஒரு மேடு செய்தேன். முற்றத்தில் வைத்துக் கறுப்பு ஸ்பிரேயைத் திருப்பினேன். சீ என்று ஒரு சத்தம். மேட்டின் உச்சி உருகிக் குழி விழுந்தது. குழி பெரிதாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கவே மேடு குளமாயிற்று. ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பான் அதைத் தின்னும். முதலில் தச்சர் பசையும் சுவர்ப் பெயின்ரும் கலந்து தூரிகையால் இரண்டு பூச்சு. மாரி காலத்தில் ஸ்பிரேயை எதற்கும் தொடாதீர்கள், காற்றின் ஈரத்தால் வெள்ளை பூத்துவிடும்.

எதிராளி

தனியாகவும் விளையாடலாம். எதிர்ப்பக்கம் என்ன செய்யும் என்பதைக் கட்டையிடம் கேளுங்கள்: 1, 2 என்றால் நிற்கும், 3, 4 என்றால் நகரும், 5, 6 என்றால் பாயும். ஒரு மாதத்தில் உங்களுக்கே பைத்தியம் பிடிக்கும், அதற்குள் ஒரு ஆளைப் பிடித்துவிடுங்கள். கரம் விளையாடுகிறவர்கள் கெதியாகப் பழகுவார்கள். கிரிக்கெற் பெடியங்கள் அவ்வளவு இல்லை, அளக்கப் பொறுமை இராது. பெண்பிள்ளைகளைக் கூப்பிட மறக்காதீர்கள். என் மூன்று தோல்விக்கும் ஒரே ஆள்தான் காரணம்.

கை பழகியபிறகு டி.பி.ஏ. என்று சுருக்கிச் சொல்லப்படும் விதிகளைத் தேடிப் பாருங்கள். 1990இல் வந்தது, பழங்காலப் போர்களுக்கானது. பக்கத்துக்குப் பன்னிரண்டு தட்டு, சிறு பொம்மைக்கு 60 செ.மீ. சதுரப் பலகை, ஒரு மணித்தியாலத்தில் முடியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குத்தான் நகர்த்தலாம். பன்னிரண்டு அணி நிற்க, ஒன்று விழுந்தால், படைத்தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். மட்டைப் படையைக் காட்போட் பெட்டியில் போட்டு நிலத்தில் வைத்தால் கறையான் வெல்லும். என் முதலாவது காடு அப்படித்தான் போனது, மேலே பார்த்தால் பச்சையாக இருந்தது, தூக்கினால் கையில் மண். தகர பிஸ்கற் பேணிதான் சரி. வாசர் ஒட்டியிருந்தால், பேணியின் அடியில் ஒரு பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை வைத்தால் தட்டுகள் ஆடாமல் நிற்கும், பஸ்ஸிலும் கொண்டுபோகலாம். ஒரு தரம் மாங்குளத்தில் ஏறிய ஆச்சி ஒருவர் பேணியைப் பார்த்துப் பலகாரமோ என்று கேட்டார். திறந்து காட்டினேன். ஒருவனைத் தூக்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குச் செருப்பு இல்லையே" என்றார். அது உண்மைதான். வீட்டுக்கு வந்து எட்டு அணிக்கும் பார்த்தேன், ஒருவனுக்கும் இல்லை.

பிறகு, கிறவல் அரித்த அரிதட்டைக் கழுவித் திருப்பி வையுங்கள். அம்மா கேள்வியை மறந்துவிட்டார். புட்டுக்குள் கல் வந்ததை மறக்கவில்லை.